கத்தாத பிரேக்

எண்ணெய் தேய்த்தால் தீராத கோளாறு உலகத்தில் இல்லை என்பது என் மாமாவின் கட்சி. எங்களோடு இருக்கும் அம்மாவின் தம்பியான அவர், குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சீசன் வந்துவிட்டால் ஊரான் முதுகெல்லாம் அவர் கையில்தான். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. கதவுக் கீல், தையல் மெஷின், அம்மாவின் முழங்கால், எது முனகினாலும் குப்பியோடு வந்துவிடுவார். அப்படித்தான் ஒருநாள் என் சைக்கிளிடமும் வந்தார்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. மலையடிவாரத்துக் காப்புக்காட்டில், வேங்கையும் மருதும் நாவலும் நிற்கிற ஒரு சரிவில், மலைச் சைக்கிள் பழகுகிறவர்களுக்கென்று வனத்துறையினர் பாதை போட்டிருந்தார்கள். மூன்றே வளைவுதான். காலைத் தரையில் ஊன்றாமல் கீழே வரை இறங்கிவிட்டால் ஹேண்டில்பாரில் ஒரு பச்சை ரிப்பன் கட்டுவார்கள். ரிப்பன் இருந்தால்தான் ஓடையைத் தாண்டிப் போகிற பெரிய பாதைக்குள் விடுவார்கள்.

பெரியப்பா மகன் முதல் நாளே ரிப்பன் வாங்கிவிட்டான். நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போயும் வாங்கவில்லை. வளைவைக் கண்டதும் பயந்து பிரேக்கை இறுக்குவேன். சைக்கிள் நின்றுவிடும், நான் காலை ஊன்றிவிடுவேன். போதாததற்கு, என் டிஸ்க் பிரேக் சாரலில் நனைந்தால் கீச்சென்று காடே திரும்பிப் பார்க்கும்படி கத்தும்.

"ஏட்டி, ஒன் பன்னிக்குட்டிய சத்தம் போடாம கூட்டிட்டு வா" என்பான் அவன். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

நாலாவது ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு. மழை வலுக்கிறது, இனி பாதையை மூடிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். சீசன் ஞாயிற்றுக்கிழமையில் வேலையை விட்டுவிட்டு மாமா என்னோடு வந்தார். அது சின்ன விஷயமில்லை. மேலே போய் நான் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மடியிலிருந்து குப்பியை எடுத்து, இரண்டு சக்கரத்திலும் பிரேக் கவ்வுகிற டிஸ்க் தட்டில் வஞ்சகமில்லாமல் எண்ணெயைத் தேய்த்துவிட்டார்.

"இனிமே கத்தாதுட்டி. தைரியமாப் போ."

டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மேலே நின்ற வனக்காவலருக்குத் தெரியும். ஆனால் அவர் மாமாவின் கையிலிருந்த குப்பியைப் பார்த்துப் பதறிச் சொன்னபோது நான் கிளம்பிவிட்டிருந்தேன்.

முதல் வளைவில் வழக்கம்போல் பிரேக்கை இறுக்கினேன். சத்தமே இல்லை. மாமா கை பட்டால் சும்மாவா என்று பூரித்துப்போனேன். வேகம் குறையவில்லை என்பது எனக்கு உறைப்பதற்குள் வளைவு முடிந்துவிட்டது. நான் கீழே விழவில்லை! இவ்வளவுதானா, இதற்கா மூன்று வாரம் அழுதேன் என்று இருந்தது. பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஹேண்டில்பாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. ஓடை இரைச்சலில் என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை. அவர் பாதையில் வரவில்லை, புதருக்குள் புகுந்து நேராக இறங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது வளைவில் மரங்களுக்கிடையே தெரிந்தார். தோளில் துண்டைக் காணோம். இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார். வேறு யார் வீட்டு மாமா இப்படி உற்சாகப்படுத்துவார்? நான் இன்னும் அழுத்தி மிதித்தேன்.

மூன்றாவது வளைவில் பாதையின் நடுவிலேயே வந்து நின்றுவிட்டார், ஒற்றைச் செருப்போடு, கையை அகல விரித்துக்கொண்டு. சந்தோஷத்தில் மனுஷனுக்குக் கண் தெரியவில்லை என்று நினைத்து, ஒரே ஒடிப்பில் அவரைச் சுற்றிப் போனேன். இன்றுவரை நான் ஓட்டியதில் அதைவிட அழகான திருப்பம் கிடையாது.

அதற்கப்புறம் பாதை மேடேறி மணலில் முடியும். மேடு என் வேகத்தை வாங்கிக்கொண்டது. முடிவுக்குப் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் காலை ஊன்றினேன்.

"எம்மா, இவ பிரேக்கே புடிக்காம இறங்குதா!" என்றான் பெரியப்பா மகன். அவன் வாயால் அப்படி ஒரு சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. எனக்கு ரிப்பன் கட்டியபோது அங்கே நின்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

மாமா மூச்சு வாங்க ஓடிவந்து, என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். ஜெயித்தால் பெரியவர்கள் அழுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஓடையில் இறங்கி, மணலை அள்ளி அள்ளி வெகுநேரம் கையைத் தேய்த்துக் கழுவினார்.

மறுநாளே சைக்கிளைத் தென்காசிக்கு எடுத்துப் போய் பிரேக்கை மாற்றிக்கொண்டு வந்தார். அது நனையாமலே முன்னைவிடப் பலமாகக் கத்தியது. எனக்கு வந்த கோபத்தில் நானே குப்பியைத் தூக்கிக்கொண்டு போனேன். மாமா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"அதுக்கு வேண்டாம்ட்டி. அது கத்தட்டும்."

அடுத்த சீசனில் ஓடையைத் தாண்டிய பாதையில் பெரியப்பா மகன் எனக்குப் பின்னால்தான் வந்தான். எந்த வளைவிலும் நான் காலை ஊன்றவில்லை. ஆனால் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து தெருமுனையில் நான் பிரேக் பிடிக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மாமா கையை அப்படியே நிறுத்திவிடுவார் என்று அம்மா சொல்வாள். கீச்சென்ற சத்தம் கேட்ட பிறகுதான் கவளம் வாய்க்குப் போகுமாம். ரிப்பன் கட்டிய மிதப்பில் திரிந்த எனக்கு, மாமாவுக்கு அந்தப் பன்னிக்குட்டிச் சத்தம் எப்போதிருந்து பிடித்துப்போனது என்று மட்டும் அப்போது விளங்கவேயில்லை.