பிள்ளையார் சுழிக்கு இடமில்லாத தாள்

தம் பெயர் போட்ட லெட்டர் பேட் வேண்டும் என்ற ஆசை என் கணவருக்கு வந்தது மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷத்தில். மலாக்காவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அவர் கிராணி, அதாவது குமாஸ்தா. அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது, தம்மிடம் வேலை பார்த்தவர்களுக்கு ஆளுக்கொரு நன்றிக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் என்ன எழுதியிருந்தது என்று இவர் எனக்குச் சொல்லவே இல்லை. தாளின் தலையில் துரையின் பெயரும் விலாசமும் விரலால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி மேடாக அச்சாகியிருந்ததைத்தான் சொன்னார். சோற்றில் கை வைத்த பிறகும் அதையேதான் சொன்னார்.

அடுத்த மாதம் சைக்கிள் கேரியரில் இரண்டு பெரிய கட்டுகள் வந்து இறங்கின. ஒன்றில் தாள், ஒன்றில் உறை. நீல மையில், ஆங்கிலத்தில், எல்லா இனிஷியல்களோடும் அவர் பெயர். அதன் கீழே வீட்டு எண், காஜா பெராங், மலாக்கா, மலாயாக் கூட்டரசு. துரையுடையது மாதிரி மேடாக இல்லை. டவுனில் இருந்த சீனர் அச்சுக்கடையில் அந்த வேலை கிடையாதாம். அதற்கு ஈடாகப் பெயரைப் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தார். ஆகவே அது தாளின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

இவ்வளவு தாளிலும் நாம் யாருக்கு எழுதப் போகிறோம் என்று கேட்டேன். இருந்தால் எழுதுவோம் என்றார்.

எழுதுவோம் என்றால் நான் எழுதுவேன் என்று பொருள். அவர் கையெழுத்து, தண்ணீர் ஊற்றிய புற்றிலிருந்து எறும்புகள் கலைந்து ஓடுகிற மாதிரி இருக்கும். நான் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். எழுத்து உருண்டையாக, வரி பிசகாமல் வரும். பழைய காலண்டர் தாள்களைக் கிழித்து அவற்றின் முதுகில் அவர் முதலில் கடிதத்தை எழுதுவார். பிறகு அடித்துத் திருத்துவார். அதை நான் இராச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு, மேசையைத் துடைத்துக் காயவைத்து, பெயர் போட்ட தாளில் பார்த்து எழுத வேண்டும். அடித்தல் கூடாது. நடுவில் குழந்தை அழுது நான் எழுந்து போய் வந்தால் மையின் நிறம் மாறுகிறது என்பார். ஒரு சொல் தப்பினாலும் தாள் போச்சு.

போன தாளையும் எனக்குத் தரமாட்டார். மளிகைச் சாமான் எழுத ஒன்றைக் கிழித்தேன் என்பதற்காக ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் அச்சான தாள் பருப்புக் கடையில் கிடக்கலாமா என்பது அவர் வாதம். கெட்டுப்போன தாள்களும் நல்ல தாள்களோடு அலமாரியில் பத்திரமாக அடுக்கப்பட்டன.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அக்காவுக்குப் போகும் கடிதத்தில் கை வைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

என் அக்கா வடக்கே தைப்பிங்கில் இருந்தாள். அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அவள் ஒருத்தி. கல்யாணமான நாள் முதல் நான் அவளுக்கு நோட்டுப் புத்தகத் தாளில் எழுதி வந்தேன். இரண்டு பக்கமும் எழுதி, இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காகவும் எழுதுவேன். மகளுக்குப் பல் முளைத்தது, மீன்காரன் பழைய மீனைத் தலையில் கட்டியது, இவரோடு சண்டை போட்டது, சமாதானமானது எல்லாம் அதில் இருக்கும். லெட்டர் பேட் வந்ததும் அது நின்றது. குடும்பத்திலிருந்து போகிற கடிதம் முறையாகப் போக வேண்டும் என்றார். இனி ஆண்பிள்ளை ஆண்பிள்ளைக்கு எழுதுவதுதான் முறை. ஆகவே அவர் தம் சகலைக்கு எழுதினார், நான் பார்த்து எழுதினேன். ‘இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் தங்கள் அனைவரின் நலமறிய ஆவல்’ என்று தொடங்கினால் மழை, விலைவாசி, நாட்டு நிலைமை என்று போய், ‘அண்ணியாருக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும்’ என்று முடியும். அந்த அண்ணியார்தான் என் அக்கா.

பதிலும் அவர் பெயருக்கே வந்தது. மேசைக் கத்தியால் உறையைப் பிரித்து, நின்றபடியே படித்து, எல்லாரும் சௌக்கியமாம் என்று எனக்குச் சொல்லிவிட்டு மடித்து வைப்பார்.

நோட்டுத் தாளிலேயே எழுதிப் போட்டிருக்கலாமே என்றால், போட்டேன். தபாலில் சேர்க்கச் சொல்லி அவரிடம் கொடுத்ததுதான் தப்பு. இரண்டு வாரம் கழித்துச் சட்டையைத் துவைக்க எடுத்தபோது கடிதம் பையிலேயே இருந்தது. மறந்துபோயிற்று என்றார். பிறகு, பெயர் போட்ட தாள் இருக்கிற வீட்டிலிருந்து கிழிந்த தாள் போனால் சகலை என்ன நினைப்பார் என்றும் சொன்னார். இரண்டில் எது காரணம் என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிள்ளையார் சுழி விஷயம் வேறு. எந்தக் கடிதமானாலும் தலையில் ‘உ’ போட்டுத்தான் எங்கள் வீட்டில் தொடங்குவோம். இந்தத் தாளில் தலையில் இடமே இல்லை. மேலே நுழைக்கப் பார்த்தால் சுழி பாதி தாளுக்கு வெளியே போகிறது. கீழே போடு, அவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றார். அவர் என்றது பிள்ளையாரை. கீழே போட்டேன். அதற்கு அக்கா, அத்தான் எழுதிய பதிலின் ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: “உங்க வீட்ல பிள்ளையாருக்கும் மேலயா உன் வீட்டுக்காரரு?” இவர் அதைப் படித்துவிட்டு அண்ணியார் வேடிக்கையாக எழுதுகிறார் என்று மெச்சிக்கொண்டார்.

அக்காவின் இளைய மகளுக்குக் காது குத்து வந்தது. நாங்கள் வர முடியுமா, ஜாலான் பெண்டஹாராவில் நல்ல நகைக்கடையாகப் பார்த்துக் குழந்தைக்கு ஒரு ஜோடித் தோடு வாங்கி வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நான் மறுநாளே போய்த் தோட்டைப் பார்த்து வைத்துவிட்டு வந்தேன். ஆம் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் தீர்ந்தது. இவர் காலண்டர் தாளோடு உட்கார்ந்தார். ‘வருகிறோம்’ என்று எழுதி லீவு கிடைக்காவிட்டால் வாக்குத் தவறியதாகும். ‘வர முயல்கிறோம்’ என்றால் மரியாதைக் குறைவு. இரண்டு நாள் இதிலேயே போயிற்று. மூன்றாம் நாள் நான் பார்த்து எழுதும்போது பேனா கக்கிவிட்டது. அதற்கு அடுத்த நாள் உறை சரியாக ஒட்டவில்லை என்று வேறு உறை தேடினார். எங்கள் கடிதம் தைப்பிங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது, பதில் வராததால் நாங்கள் வரமாட்டோம் என்று எண்ணி, யாரிடமோ இரவல் தோடு வாங்கிக் காது குத்தி முடித்துவிட்டிருந்தார்கள்.

அக்கா இம்முறை தானே எழுதினாள். உறையில் அவர் பெயர்தான் இருந்தது. அவர் படித்துவிட்டு, வழக்கம்போல் எல்லாரும் சௌக்கியமாம் என்று சொல்லாமல், தாளை மடித்து என் பக்கம் தள்ளினார்.

‘எழுத்து உன்னோடது. பேச்சு உன்னோடது இல்ல. நீ நல்லா இருக்கியா?’ என்று கேட்டிருந்தாள். வேறொன்றும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எனக்கும் ஒரு லெட்டர் பேட் வேண்டும் என்றேன்.

“ஒரு வீட்டுக்கு எதுக்கு ரெண்டு? நீ யாருக்கு எழுதப் போற?”

“எங்க அக்காவுக்கு.”

“அதான் எழுதுறோமே.”

“நீங்க எழுதுறீங்க. நான் பார்த்து எழுதுறேன்.”

அவர் நாளிதழை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

எரிச்சலுக்கு நடுவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தாள்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டிருந்தது. நோட்டுத் தாளில் மை ஊறிப் பரவும். இதில் எழுத்து எழுதின இடத்திலேயே நிற்கும். பேனா முள் தடுக்காமல் போகும். மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி விழும். இவ்வளவு நல்ல தாளில் நாட்டு நிலைமையை எழுதிக்கொண்டிருக்கிறோமே என்றுதான் வயிறு எரியும்.

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மா இருந்தார். தலைமுறை தலைமுறையாக இங்கேயே ஊறிய மலாக்காச் செட்டிகளுக்கு வீட்டுப் பேச்சு மலாய்தான். சாமி நம் சாமி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். வேலியோரம் நின்று என் குறையைச் சொன்னேன். எனக்குத் தமிழில்தான் பெயர் வேண்டும், டவுன் அச்சுக்கடையில் தமிழ் எழுத்து இல்லையே என்றேன். அவர் உள்ளே போய்த் தம் மகளின் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தார். முழுக்க மலாய், தலையில் மட்டும் ஒரு வரி தமிழ். கோயில் குருக்கள் தாளில் எழுதிக் கொடுத்தாராம். கடைக்காரர் அந்தக் கையெழுத்தையே உலோகத் தகட்டில் பிளாக் எடுத்து அச்சடித்தாராம். இவ்வளவு நாளும் அது என்னவென்று தமக்குத் தெரியாது என்று சொல்லி, படிக்கச் சொன்னார். ‘விநாயகர் துணை’ என்று படித்து, மலாயில் பொருளும் சொன்னேன். அவ்வளவுதானா என்று கேட்டார். கொஞ்சம் ஏமாற்றம்தான். ஏதோ பெரிதாக எழுதியிருக்கிறார் என்று நினைத்திருந்தாராம்.

மறுநாள் அவரே என்னை அச்சுக்கடைக்குக் கூட்டிப் போனார். கடை முதலாளியான தவுக்கே என் கணவரை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். பெயரை இன்னும் பெரிதாக, இன்னும் பெரிதாக என்று மூன்று முறை வந்து மாற்றச் சொன்ன ஆள் அல்லவா. அவருக்குத்தான் இன்னும் ஒரு கட்டு வேண்டுமா என்று கேட்டார். இல்லை, எனக்கு என்றேன். அப்படியானால் இன்னாருடைய மனைவி என்று போடட்டுமா என்றார். என் பெயர் மட்டும் போதும் என்றேன். செட்டி அம்மா பக்கத்தில் நின்று, அவள் சொல்கிறபடி செய் என்று மலாயில் அதட்டினார்.

வெள்ளை அட்டையும் கறுப்பு மையும் கொடுத்தார்கள். கணவர் கடிதமெல்லாம் பிசகாமல் எழுதின கைக்குத் தன் பெயர் சரியாக வரவில்லை. இரண்டு அட்டை வீணானது. தவுக்கே ஒன்றும் சொல்லாமல் வேறு அட்டை எடுத்து வைத்தார். வீணான அட்டைக்கு ஒருவர் பெருமூச்சு விடாமல் இருப்பதைப் பார்க்கவே எனக்கு அதிசயமாக இருந்தது. கடைசியில் பெயர் வந்தது. கீழே காஜா பெராங், மலாக்கா என்று மட்டும் எழுதினேன். மேலே இரண்டு விரல்கடை இடம் விடச் சொன்னேன். அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்த காசு கையில் இருந்தது. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தாள் வந்த அன்று அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எழுத்து சாஞ்சிருக்கு” என்றார். தாளைத் திரும்பக் கட்டிலேயே வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அக்காவுக்கு ஆறு பக்கம் எழுதினேன். அடித்தேன், மை சிந்தினேன், ஓரத்திலும் எழுதினேன். நானே நடந்து போய்த் தபாலில் சேர்த்தேன்.

பதில் என் பெயருக்கு வந்தது. நான் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது அவர் அடுப்படியில், அவருக்கு வேலையே இல்லாத இடத்தில், நின்றுகொண்டிருந்தார். கையில் கடிதம். நீட்டினார். உறையின் வாய் ஈரமாக இருந்தது. ஓர் ஓரத்தில் நசுங்கின சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்னங்க இது?”

“தபால்ல நனைஞ்சிருக்கும்.”

மூன்று வாரமாக மலாக்காவில் மழை இல்லை. கை பழக்கத்தில் பிரித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? படித்தீர்களா என்று கேட்டேன். முதல் பக்கம் மட்டும், தம்மைப் பற்றி எழுதியிருந்ததால் அதற்குமேல் படிக்கவில்லை என்றார். அன்று நான் கத்தியது செட்டி அம்மா வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. அதன் பிறகு என் கடிதத்தை அவர் பிரித்ததில்லை. பிரிக்காமல், நான் படித்து முடிக்கும்வரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அது அதைவிடத் தொல்லை.

சில வருஷம் கழித்து நாடு மலேசியா ஆயிற்று. அவர் தாளில் மலாயாக் கூட்டரசு என்று இருந்தது. இன்னும் அரைக் கட்டுக்குமேல் மிச்சம். ரூலர் வைத்து ஒரு கோடு போட்டு, மேலே மலேசியா என்று எழுதிவிடலாம் என்றார். யார் எழுதுவது? நான் ஒரு பத்துத் தாள் செய்தேன். கோடு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று அவர் குனிந்து காட்டியதும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

புதிதாக அடிக்கப் போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தார். பிறகு, மெதுவாக, தம் பெயரையும் நான் தமிழில் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். என்னுடையதைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் மனம் இளகியதுதான். ஆனாலும் விடவில்லை.

“உங்க பேர நீங்கதான் எழுதணும். அதுதான் முறை” என்றேன்.

உட்கார்ந்தார். ஒரு வாரம் எழுதிப் பழகினார். எறும்புகள் அப்படியேதான் ஓடின. அதையே பிளாக் எடுத்து, யோசிக்காமல், மறுபடியும் பெரிய கட்டாக அடித்து வந்தார். பெயர் என்ன என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. புதிதாக அறிமுகமானவர்கள் அவருக்குப் பதில் எழுத நினைத்தால் யாருக்கென்று எழுதுவது? உள்ளே இருக்கும் கையெழுத்து யாருடையது என்று விசாரித்து, என் பெயரைத் தெரிந்துகொண்டு, எனக்கே எழுதினார்கள். வேண்டுமென்றேதானோ என்னவோ, அத்தானும் அப்படியே செய்தார். தபால்காரர் வந்தால் இப்போது இவர்தான் என்னிடம் வந்து, நமக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். நான் பிரித்து, பார்த்து, அவருடையதை எடுத்துக் கொடுக்கிறேன். எனக்கு ஒரு வேலை கூடியதுதான் மிச்சம்.

அந்த இரண்டாவது தாள்கட்டில் பாதி இன்னும் அலமாரியில் பிரிக்காமல் கிடக்கிறது. இடத்தை அடைக்கிறதே என்றால், தாள் என்ன கெட்டுப்போகிற சாமானா என்கிறார்.