அடிக்க முடியாத ஒரு வரி

இருபத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக உழைத்த மனிதர், இப்போது ஒரு பள்ளிக்கூட நோட்டில் தன் கெட்ட நினைப்புகளை எழுதிக்கொண்டிருந்தார். மனநல டாக்டரம்மா கொடுத்த வேலை. காலையில் எழுந்ததும் மனதில் ஓடுவதை எழுத வேண்டும், நிஜமா என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டும், நிஜமில்லாததை ஸ்கேல் வைத்து அடிக்க வேண்டும். ஸ்பேனர் பிடித்த கைக்கு ஸ்கேல் பிடிப்பது பெரிய காரியமில்லை. நினைப்புதான் பிடி கொடுக்கவில்லை.

நடந்தது இதுதான். அவரும் தங்கை புருஷனும் பத்தொன்பது வருஷம் ஜோடியாக வேலை பார்த்தவர்கள். மாப்பிள்ளை லிஃப்டுக்கு அடியில் குழியில் இறங்கிச் சுத்தம் செய்வார். இவர் மேலே மெயின் சுவிட்சருகே நிற்பார். "போடட்டுமா?" என்று இன்டர்காமில் கேட்டு, "போடலாம்" என்று பதில் வந்த பிறகே சுவிட்சில் கை வைக்க வேண்டும். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் மூன்று தடவை கேட்பார்கள். இவர்களுக்கோ ஒருவர் வேகம் மற்றவருக்கு அத்துப்படி. மாப்பிள்ளைக்கு எட்டு நிமிஷம், ஒன்பதாவது நிமிஷம் இவர் சுவிட்சைப் போட்டுவிடுவார். கேட்பதை விட்டே பல வருஷம் ஆகியிருந்தது. அதில் ஒரு பெருமை வேறு, பாழாய்ப்போன பெருமை. போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளைக்கு ஒன்பது நிமிஷம் போதவில்லை.

"கேட்டேன், போடலாம்னார். அப்புறம் எதுக்கோ திரும்ப இறங்கியிருக்கார்" என்று விசாரணைக்கு வந்தவர்களிடம் வாய்க்கு வந்ததைச் சொன்னார். தங்கையிடமும் அதையே சொன்னார். அவள் நம்பினாள்.

'நான் கொலைகாரன்' என்று நோட்டில் முதல் நாள் எழுதியதை ஒரு மாதம் கழித்து அடித்தார். 'நான் உயிரோடு இருக்கக் கூடாது' என்பதை அடிக்க மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. 'தெருவே என்னைப் பற்றித்தான் பேசுகிறது' சீக்கிரமே போய்விட்டது, தெருவுக்கு வேறு வேலையே இல்லையா என்ன. கடைசியில் 'நான் கேட்கவில்லை' என்ற ஒரு வரி மட்டும் நின்றது.

டாக்டரம்மா அதைப் படித்தார். "இது நிஜமா?"

"நிஜம்தாம்மா."

"அப்போ எதுக்கு அடிக்கப் பாக்குறீங்க? இது நினைப்பு இல்லை, நடந்தது. சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லியாச்சா?"

இல்லை. சொன்னால் தங்கையும் போய்விடுவாள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கென்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். மத்தியானச் சாப்பாடு அவள் வீட்டில்தான்.

மறுநாள் அங்கே தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். "நான் அன்னைக்குக் கேக்கவே இல்லைம்மா. நானாத்தான் போட்டேன்."

அழுவாள் என்று நினைத்தார். கை நீட்டி அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷமா அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டே இருக்கேன், அண்ணே. அவசரக்குடுக்கை, எங்களைக் கொஞ்சமாவது நினைச்சாரான்னு. காலையில கண்ணு முழிச்சதும் முதல்ல அதான் வரும். பிள்ளைங்ககிட்டயும் சொல்லியிருக்கேன், உங்கப்பா அஜாக்கிரதையாலதான் செத்தாருன்னு."

அவர் தன் மனதில் இருந்ததைத்தான் இத்தனை நாள் பார்த்துப் பார்த்துக் களைந்தார். அவள் மனதில் தன் பொய் போட்டு வைத்ததை ஒரு நாளும் யோசித்ததில்லை.

"சாப்பிடுங்க" என்றாள். "சாப்பிட்டு இங்கேயே இருங்க. பிள்ளைங்க நாலரைக்கு வரும். அதுங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டு, இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க."

மணி இரண்டேகால்தான் ஆகியிருந்தது. அவர் தட்டை இழுத்துக்கொண்டார்.