தம்பியின் அரைஞாண் கயிறு

என் தம்பியைப் போல ஓர் இடத்தில் அடங்காத பிள்ளையைக் குன்னம் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது. மழை விட்டபின் அம்மா மக்காச்சோளக் கொல்லைக்குக் களையெடுக்கப் போனால், அவன் வரப்புப் புதரில் சட்டையில்லாமல் புரண்டுகொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவன் காய்ச்சலில் சுருண்டு படுத்தான். ஊசி போட்டும் இறங்கவில்லை. ஐஸ் தின்றதால் வந்தது என்றார் அப்பா. எதையோ பார்த்துப் பயந்திருக்கிறான் என்றாள் அம்மா. பூசாரியிடம் மந்திரித்த கயிறு வாங்கிவந்து, அவன் இடுப்பில் இருந்த அரைஞாண் கயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். வீட்டில் சண்டை வேண்டாமென்று நான் இரண்டையும் நம்பினேன்.

நாள் போகப்போக அவன் முகமும் வயிறும் வீங்கின. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வீட்டில் விட்டுவர ஆளில்லாததால் என்னையும் இழுத்துப்போனார்கள்.

"மூச்சு வாங்குது, பிரஷர் இறங்கிட்டே இருக்கு. இவ்வளவு நாள் எங்கம்மா வச்சிருந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரம்மா டார்ச் அடித்து அவன் உடம்பில் எதையோ தேடினார். காதுக்குப் பின்னால், அக்குளில், தொடையிடுக்கில். எதுவும் கிடைக்கவில்லை. வீங்கிய வயிற்றில் புதைந்து கிடந்த கயிறுகளைப் பார்த்தார்.

"சிஸ்டர், இதை எடுங்க."

முடிச்சு அவிழவில்லை. நர்ஸ் கத்தரிக்கோலால் நறுக்கென்று வெட்டினார்.

"அய்யோ, அரணாக்கயித்த அறுத்துட்டாங்களே! எம்புள்ள போயிட்டானே!"

அம்மா அப்படி அலறி நான் கேட்டதில்லை. தரையில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள். அப்பா சுவரைப் பிடித்தபடி குலுங்கி அழுதார். ஒரு கயிற்றுக்கா இவ்வளவு அழுகை?

"அழுவாதம்மா, சந்தையில வேற கயிறு வாங்கிக்கலாம்" என்றேன்.

அப்பாவிடமிருந்து பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"இந்தா இருக்கு!" என்றார் டாக்டரம்மா அதே நேரத்தில். கயிறு மறைத்திருந்த இடத்தில், பீடியால் சுட்டது போலக் கறுப்பாக ஒரு பொருக்கு. "உண்ணிக் காய்ச்சல். புதர்ல இருக்கிற பூச்சி கடிச்சிருக்கு. மருந்த உடனே ஏத்துங்க." பிறகுதான் குனிந்து அம்மாவைப் பார்த்தார். "பையன் உயிரோடதாம்மா இருக்கான். எந்திரிங்க."

அம்மாவுக்கு அது காதில் ஏற வெகுநேரம் ஆனது.

தம்பி பல நாள் மூக்கிலும் வாயிலும் குழாயோடு கிடந்து பிழைத்து வந்தான். இப்போது பைக் வேண்டுமென்று வீட்டை இரண்டாக்குகிறான். ஆனால் அந்த அறைக்கான காரணத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தக் காய்ச்சல் வந்து சில வருடம் கழித்துப் பெரியப்பா இறந்தார். குளிப்பாட்டும் முன் ஒருவர் கத்தியோடு வந்து அவர் இடுப்புக் கயிற்றை அறுத்தார். "எதுக்கு அத அறுக்கறாங்க?" என்று அத்தையிடம் கேட்டேன்.

"உசுரு போனாத்தான்டி அத அறுப்பாங்க."

திடுக்கிட்டு அம்மாவைத் தேடினேன். கூட்டத்துக்கு நடுவே அவள் என் தம்பியை இழுத்து அணைத்து நின்றிருந்தாள். அவள் கை, சட்டைக்கு மேலாக, அவன் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது.

அம்மாவும் அப்பாவும் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டதாக நினைத்துத் துடித்த அந்த நேரத்தில், நான் அவர்களுக்குச் சந்தையில் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.