தாலி ஏறாத வீடியோ

நான் எழுதிய தரவுத்தள மென்பொருளில் கோப்பின் அளவைக் குறிக்கும் இடத்தைச் சிறியதாக விட்டதோடு நிற்காமல், பக்கத்திலேயே 'இதைவிடப் பெரிய கோப்பை எவன் ஏற்றப்போகிறான்' என்று குறிப்பும் எழுதிவைத்தேன். நிறையப் படித்தவன் செய்த முட்டாள்தனம் என்பதால் அதில் எழுத்துப்பிழை மட்டும் இல்லை.

ஏற்றியவர், ரெம்பியா ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் அக்கா. அவர் கடைக்குத்தான் அந்த மென்பொருள். எங்கள் எஸ்டேட் சனங்களின் கல்யாண வீடியோவில் கத்தரி வைக்கக்கூடாது. அட்சதை போட வரிசையில் நின்ற ஒரு பெரியம்மாவின் முகம் விடுபட்டால், இரண்டு வீடுகளுக்குள் பேச்சு நின்றுபோகும். ஆகவே நலங்கிலிருந்து பந்திவரை எல்லாம் ஒரே கோப்பு. ஏற்றிய கையோடு கேமரா கார்டை அழித்துவிட்டு அக்கா அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடுவார்.

செலண்டாரில் நடந்த கல்யாணம் ஒன்றை அவர் திறந்தபோது அளவு மைனஸில் வந்தது.

"தம்பி, உங்க சாமான் ரோசாக் ஆயிடுச்சுலா, கெட்டுப்போச்சு. வேற காப்பி இல்ல. பொண்ணோட அம்மா வந்து கடையிலயே உக்காந்திருக்காங்க" என்றார் போனில்.

நான் இருக்கும் புக்கிட் பெருவாங்கிலிருந்து மடிக்கணினியோடு ஓடினேன். முதலில் தரவுத்தளத்தை அப்படியே ஒரு பிரதி எடுத்தேன். பிறகுதான் கை வைத்தேன். சின்ன எண்ணுக்குள் பெரிய அளவு அடங்காமல் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போயிருந்தது. கோப்பு காலி என்று என் மென்பொருள் முடிவு கட்டியிருந்தது. ஆனால் வீடியோ உள்ளேதான் இருந்தது. இடத்தைப் பெரிதாக்கினேன். திறந்தது. கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலியோடு கையை உயர்த்தினார். அப்படியே நின்றார்.

"தாலி ஏறலையே தம்பி" என்றார் பெண்ணின் அம்மா.

"அது அன்னிக்கே ஏறிடுச்சுமா."

"அது எனக்குத் தெரியாதா? ஜொகூர்ல எங்க அண்ணன் டயாலிசிஸ்ல இருக்காரு. தாய்மாமன், வர முடியல. இதயாச்சும் காட்டுன்னு டெய்லி கேக்குறாரு. அவருக்கு நான் இதத்தான் காட்டவா?"

மறுபடி நிரலைத் திறந்தேன். கோப்பை எதுவரை படித்தோம் என்று நினைவில் வைக்கும் எண்ணும் அதே குட்டி எண். தேடத் தேட, என் கைவண்ணம் நிரல் முழுக்கச் சிதறிக் கிடந்தது. ஒன்றுவிடாமல் மாற்றினேன். சோதனைக்குச் சின்னக் கோப்பை எடுக்கும் பழைய புத்தி இந்த முறை வரவில்லை. முழுக் கல்யாணத்தையும் ஓடவிட்டேன். தாலி ஏறியது. பந்தியில் கடைசி ஆள் கை கழுவும்வரை வீடியோ எங்கும் நிற்கவில்லை.

எத்தனையோ பிழைகளைத் திருத்திச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். மேளச் சத்தத்தோடு ஒரு திருத்தம் முடிந்தது இதுதான் முதல் தடவை. வெட்கமில்லாமல் பெருமைப்பட்டேன். இன்னமும் படுகிறேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருப்பீங்க தம்பி." பிறகு அக்கா பக்கம் திரும்பி, "ஆமா, இத மொதல்ல ரோசாக் ஆக்குனது யாரு?" என்றார்.

அக்கா கேமராவைப் பையில் வைத்தபடி, "அதுவும் இவருதான்லா" என்றார்.