மரம் காயும் அறையில் மோர்மிளகாய்

நாங்கள் வந்து குடியேறிய குளிர்நாட்டு நகரத்தின் ஓரத்தில், மில்லிக்கனுக்கு வடக்கே, ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி, வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில் அந்த விறகு யாட் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை முழுவதும் நான் அங்கே வேலை செய்தேன். அம்மா அதற்கு முன்பே இரண்டு வருடமாக அங்கே விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். காலையில் நாங்கள் இருந்த மல்வேர்னுக்கு ஒரு வான் வரும். அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் அதில் ஏறுவார்கள். அந்தக் கோடையில் ஆறாவது ஆளாக நானும் ஏறினேன். ஆனால் நான் விறகு அடுக்கப் போகவில்லை. எனக்கு ஒரு மேசை தந்திருந்தார்கள்.

அந்த மேசையில் எனக்கு இருந்த பெருமையை மறைக்கப் போவதில்லை. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். எங்கள் வீட்டில் புத்தகம் தூக்கிய முதல் ஆள் நான். கொலிஜில் முதல் வருடம் முடித்திருந்தேன். வெப்பம், நீராவி, குழாய், அழுத்தம் என்று படித்திருந்தேன். கொலிஜ் அறிவித்தல் பலகையைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு எழுதிப் போட்டேன். விறகு அடுக்கும் பெண்களில் ஒருவர் என் அம்மாவா என்று முதலாளி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

புதிதாக வெட்டிய மேப்பிள் மரத்தில் பாதி தண்ணீர். வெளியே அடுக்கிவைத்தால் காய ஒரு வருடம், சில மரத்துக்கு இரண்டு வருடம். முதலாளிக்கு அவ்வளவு பொறுமையும் இல்லை, அவ்வளவு நிலமும் இல்லை. மூடப்பட்ட ஒரு கண்ணாடிக்கூரைப் பூந்தோட்டத்திலிருந்து பழைய போயிலர் ஒன்றை வாங்கினார். மரப்பட்டை, மரத்தூள், ஒருவரும் வாங்காத கோணல் துண்டு எல்லாவற்றையும் அதில் எரித்தார். போயிலர் தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீர் குழாய் வழியாக ஓர் அடைத்த அறைக்குப் போகும். அங்கே பெரிய விசிறி சூட்டை விறகுக் கூடைகளுக்கு நடுவே ஊதும். மரம் விடும் ஈரம் கூரைத் துவாரங்களால் வெளியேறும். ஒரு கிழமையில் விறகு காய்ந்துவிடும். முன்பு அந்தக் கழிவை ஏற்றிக் கொட்டுவதற்கே காசு கொடுத்தவர், இப்போது அதைக்கொண்டே விறகை உலர்த்தி, கூடுதல் விலைக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டார்.

கணக்குச் சரிவர ஒரு வாடிக்கையாளர் வேண்டியிருந்தது. விறகு அடுப்பில் பீட்சா சுடும் சில கடைகளின் சொந்தக்காரர் வந்து பார்த்தார். விறகில் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருந்தால் குளிர்காலம் முழுவதும் கிழமைதோறும் எடுப்பேன் என்றார். ஓகஸ்ட் கடைசியில் சோதனைக்கு ஒரு லோட். அது சரிவந்தால் பனிக்காலத்திலும் யாட் ஓடும். சரிவராவிட்டால் வழக்கம்போல முதல் பனி விழ எல்லோரும் வீட்டுக்கு. முதலாளி இதைச் சொல்லிவிட்டு, இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்ன மீற்றரை என் கையில் தந்தார். விறகைப் பிளந்து, உள்ளே ஊசியைக் குத்தி, ஈரத்தைப் பார்த்து எழுதவேண்டும். அறையின் சூட்டையும் போயிலர்த் தண்ணீரின் சூட்டையும் மணிக்கு மணி எழுதவேண்டும்.

எழுதினேன். கதிரையில் இருக்க முடியவில்லை எனக்கு. மணிக்கொரு தரம் போதும் என்றால் நான் அரைமணிக்கொரு தரம் போனேன். அறையின் பின்பக்கத்துக் கூடைகள் ஒழுங்காகக் காய்ந்தன. கதவுப் பக்கத்துக் கூடைகள் மட்டும் இருபத்தாறு, இருபத்தேழு என்று அடம்பிடித்தன. நான்கு கிழமைக் குறிப்பைப் பரப்பிவைத்துப் பார்த்தேன். சில நாட்களில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அறையின் சூடு விழுகிறது. எந்த நாட்கள் என்று தேடினேன். எல்லாம் மழை நாட்கள்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். போயிலருக்கு விறகு போடுகிறவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது தாண்டியவர், யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். மரப்பட்டைக் குவியலை அவர் மழையில் மூடாமல் விட்டதை நான் ஒரு நாள் கண்டிருந்தேன். ஈரப்பட்டை எரிந்தால் பாதிச் சூடு அதன் தண்ணீரைக் காயவைக்கவே போய்விடும். இது பாடத்தில் படித்தது. கொலிஜ் கம்ப்யூட்டரில் இரண்டு பக்க அறிக்கை தட்டினேன். மழை, ஈரப்பட்டை, கவலையீனம், சூடு இறக்கம். வரைபடம்கூட வைத்தேன்.

முதலாளி அதை இரண்டு தரம் வாசித்தார். நல்ல வேலை என்றார். ஒரு பிரதியை அம்மா கேட்டு வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வானில் மற்றப் பெண்களுக்கு எடுத்துக் காட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. இங்கிலிசில் இருந்தது, அடியில் என் பெயர் இருந்தது, அது போதும்.

அடுத்த புதன்கிழமை, வெள்ளியோடு வேலை முடிகிறது என்று அண்ணைக்குச் சொல்லிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் வானில் ஒருவரும் பகிடி விடவில்லை. பிறகு மட்டக்களப்புப் பெண் ஒருத்தி, பின் இருக்கையிலிருந்து, அண்ணைக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னாள். நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தேன். நான் எழுதியது சரிதான் என்று பார்த்து மனதை ஆற்றிக்கொள்ளத்தான் திறந்தேன். அப்போதுதான் மூன்றாவது நிரல் கண்ணில் பட்டது. போயிலர்த் தண்ணீரின் சூடு. எண்பத்தைந்து, எண்பத்தைந்து, எண்பத்தைந்து. ஒரே எண்ணாக இருந்ததால் அதை நான் அறிக்கையில் சேர்க்கவே இல்லை. மழை நாளிலும் எண்பத்தைந்து. அறை குளிர்ந்த அந்த மத்தியானங்களிலும் எண்பத்தைந்து. ஈரப்பட்டைதான் காரணம் என்றால் முதலில் தண்ணீர் அல்லவா குளிர்ந்திருக்கவேண்டும். அண்ணை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். சூடு அறையிலிருந்துதான் எங்கேயோ போகிறது.

வியாழன் காலையே மழை. பதினொரு மணியிலிருந்து எனக்கு மேசையில் இருப்புக் கொள்ளவில்லை. மீற்றரை எடுத்துக்கொண்டு மரம் காயும் அறைக்கு எதிரே, அடுக்கியிருந்த வெறும் கூடைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். வெளியே வந்தேன், திரும்பவும் போய் நின்றேன். பன்னிரண்டுக்கு மணி அடித்தது.

முதலில் வந்தது அம்மா. கையில் வெள்ளைத் துணி மூடிய பெரிய தட்டு. பின்னால் மற்ற நான்கு பேரும், ஆளுக்கு ஒரு தட்டு. அம்மா கதவைத் திறந்து, அது மூடாமல் இருக்க ஒரு விறகுக் கட்டையை இடுக்கில் வைத்தார். சூடான காற்று என் முகத்தில் வந்து அடித்தது. கதவுப் பக்கத்துக் கூடைகளின் மேல் தட்டுகளைப் பரப்பினார்கள். மோர்மிளகாய், பாவற்காய் வத்தல், வடகம். பிறகு நின்று ஆறுதலாகக் கதைத்துக் கதைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள்.

வெயில் நாளில் அவர்கள் யாட்டின் பின்பக்கத்தில் படங்கு விரித்துக் காயவைப்பது எனக்குத் தெரியும். மழை நாளில் என்ன செய்வார்கள் என்று நான் யோசித்ததில்லை. வீட்டில் அந்த வத்தலைத்தான் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் முன்னால் போய் நின்றதும் மற்றவர்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நழுவினார்கள். அம்மா புரட்டுவதை நிறுத்தவில்லை.

"என்ன உப்பிடிப் பாக்கிறாய்? வெயில் இல்லாத நாளிலை வேறை எங்கை காயவைக்கிறது?"

"அம்மா, கதவு திறந்து கிடக்கு."

"ஒரு அரை மணித்தியாலம். உங்கடை போயிலர் குப்பையைத்தானே எரிக்குது. குப்பைச் சூட்டிலை கொஞ்சம் எடுத்தா ஆருக்கு நட்டம்?"

நான் கட்டையைக் காலால் தள்ளிவிட்டுக் கதவை மூடினேன். குப்பைக்கு விலை இல்லை, சூட்டுக்கு விலை இருக்கிறது என்று சொன்னேன். குப்பையை அள்ள ஆள் வேண்டும், விசிறிக்குக் கரண்ட் வேண்டும், போன சூடு திரும்பி வர ஒரு பின்னேரம் வேண்டும், மோரிலிருந்து வருகிற ஈரமும் அந்த அறைக்குள்ளேதான் சுற்றும் என்று சொன்னேன். படித்த எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அண்ணையை ஏன் நிப்பாட்டினவை?"

"என்ரை கடதாசியாலை."

அம்மா கையைத் துடைத்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார். மடித்த அறிக்கையை எடுத்து விரித்தார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"இதிலை அப்பிடியோ எழுதியிருக்கு?"

நான் ஓம் என்றேன். அவர் அதைத் திரும்ப மடிக்கவில்லை. என் கையில் தந்துவிட்டார்.

முதலில் அண்ணையிடம் போனேன். போயிலர் அறை வாசலில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பெட்டியின் ஓரத்தில் பொரித்த மோர்மிளகாய் இரண்டு கிடந்தன. அறைக் கதவு திறப்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். ஏன் முதலாளியிடம் சொல்லவில்லை என்றேன்.

"மழை பெய்யிற கிழமையெல்லாம் உங்கடை அம்மா தந்துவிட்டதைச் சாப்பிட்டனான். சாப்பிட்ட வாயாலை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?" மிளகாய்க் காம்பைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். "நீங்கள் படிச்ச பிள்ளை, பாத்துக் கண்டுபிடிப்பியள் எண்டு இருந்தன்."



முதலாளியின் அறைக்குக் குறிப்புப் புத்தகத்தோடு போனேன். மூன்றாவது நிரலைக் காட்டி, என் அறிக்கை பிழை என்றேன். அந்த வார்த்தையை அதற்கு முன் நான் ஒருவரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை. கதவைத் திறந்தது யார் என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறக்கமுன் அம்மா உள்ளே வந்தார். தட்டோடு வந்தார். அதை முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான்தான் எண்டு சொல்லு. மற்றவளவையைச் சொல்லாதை."

நான் மொழிபெயர்த்தேன். திறந்தது இவர்தான், இவர் மட்டும்தான் என்றேன். முதலாளி தட்டையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். இவருக்காக நீ ஏன் பேசுகிறாய் என்று என்னிடம் கேட்டார். இவர் என் அம்மா என்றேன். இரண்டு மாதம் கழித்து, அந்த மேசைக்கு முன்னால் நின்றுதான் அதைச் சொன்னேன்.

அண்ணையின் வேலை தப்பியது. சோதனை லோட் போகும்வரை அம்மா வரவேண்டாம் என்றார் முதலாளி. கதவுக்குப் பூட்டு வந்தது. திறப்பை என்னிடம் தந்தார்கள். வான் போனபிறகும் எனக்குச் சந்தேகமாக இருக்கும். பூட்டினேனா, இழுத்துப் பார்த்தேனா என்று வழியெல்லாம் யோசிப்பேன். அடுத்த இரண்டு கிழமைகளில் கதவுப் பக்கத்துக் கூடைகள் இருபத்துநான்குக்கு வந்தன, இருபதுக்கு வந்தன, பதினேழுக்கு வந்தன. அண்ணை போயிலர்ச் சூட்டை எனக்கு எண்ணாக மட்டும் சொல்லுவார். வேறு கதை இல்லை. மத்தியானத்தில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டியைப் பார்க்காமல் கடந்துபோகப் பழகினேன்.

லோட் சரிவந்தது. நான்கு பெண்களுக்கும் குளிர்கால வேலை கிடைத்தது. அம்மாவையும் வரச்சொல்லி முதலாளி என்னிடம் சொல்லியனுப்பினார். அம்மா போகவில்லை. வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேக்கரியில் சேர்ந்துவிட்டார். ஆனாலும் நான் யாட்டில் இருந்த கடைசி நாள்வரை, பின்னேரம் சப்பாத்தைக் கழற்ற முன்னமே கேட்பார்.

"இண்டைக்கு எத்தினை?"

பதினெட்டு என்பேன், பதினேழு என்பேன். தலையாட்டிவிட்டுக் குசினிக்குள் போவார். அங்கே ஒவனின் வாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு, ஆகக் குறைந்த சூட்டில், நாள் முழுக்க மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். நான் ஒவனைப் பார்ப்பதைக் கண்டால் கரண்ட் காசு வாடகைக்குள்ளேதானே என்பார். அதற்கும் என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. நான் போய், மிளகாயின் ஈரம் வெளியேற ஜன்னலைத் திறந்துவிடுவேன்.