அம்மை கண்ட காசு

இரண்டு வீடு தள்ளியிருக்கும் அம்மாள் ஒரு நாள் காலையில் மஞ்சள் துணி முடிச்சோடு என் வீட்டு கேட் அருகே வந்து நின்றார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கணவர் இல்லை, மகளோடு இருக்கிறார். நான் அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில் பழைய உலோகங்களைச் சுத்தம் செய்தே பென்ஷனுக்கு வந்தவன் என்பது எங்கள் செமிலிங் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான்தான் சொல்லிவைத்திருக்கிறேன், பலமுறை.

"அண்ணே, ஆத்தாவுக்கு அம்ம போட்டிருக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

முடிச்சுக்குள் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு வெண்கலக் காசு. கணவரின் தாத்தா கரூர்ப் பக்கத்திலிருந்து இந்த நாட்டு ரப்பர்த் தோட்ட வேலைக்குக் கப்பலேறியபோது இடுப்பில் முடிந்து கொண்டுவந்தது. அந்தப் பக்கத்து ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைப்பதுண்டு. இவர்கள் வீட்டுச் சாமி அலமாரியில் அது மாரியாத்தா. எண்ணெயும் குங்குமமும் பூசிப் பூசி ஒரு பக்கம் கறுப்பாக மேடிட்டிருந்தது. அதன் ஓரமெல்லாம் வெளிர்பச்சைக் கொப்புளங்கள்.

"பொண்ணு டெங்கிக் காய்ச்சல்ல கெடந்தா இல்ல, அப்பதான் இது கெளம்புச்சு. அவளுக்கு வரவேண்டியத ஆத்தா வாங்கிக்கிட்டா. சூடு தணியட்டும்னு தெனம் எளநீ ஊத்துறேன். எறங்கவே மாட்டேங்குது லா."

சிரிக்க எனக்கு உரிமையில்லை. எங்கள் தொழிலிலும் இதற்கு வெண்கல நோய் என்றுதான் பெயர். இளநீரில் உப்பு உண்டு. அந்த உப்பிலுள்ள குளோரைடு, ஈரம் இருக்கும்வரை வெண்கலத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அவர் மருந்தென்று ஊற்றியது நோய்க்குத் தீனி.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். கெட்டியான கரும்பச்சை என்றால் பயமில்லை. அது காசுக்குப் போர்வை. இங்கே மூங்கில் குச்சியால் தொட்டதும் பச்சை மாவாக உதிர்ந்தது. அடியில் சிறு குழிகள்.

"பெரியம்மையாண்ணே, சின்னம்மையா?"

"இது மூணாவது ரகம்மா. விட்டுட்டுப் போங்க, கொணமாக்கித் தர்றேன்."

"கவுச்சி பொழங்குற எடத்துல வைக்காதீங்க."

அன்று என் வீட்டில் மீன் குழம்பு. காசை முன்னறைக்கு மாற்றினேன்.

பச்சை மாவைக் குச்சியால் எடுத்தேன். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உப்பை இறக்கினேன். ஜெராய் மலையடி மழைக்காற்று எதையும் காயவிடாது என்பதால், ஈரம் உறிஞ்சும் மணிகளோடு மூடிய டப்பாவில் வைத்துக் காத்திருந்தேன். மறுபடி பச்சை கிளம்பவில்லை. இதற்கிடையில் அந்தக் கறுப்பு மேட்டையும் எடுத்துவிட்டேன். எண்ணெய்ப் பிசுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும். எடுக்கத்தான் வேண்டும், நடைமுறை அதுதான். உடைமைக்காரரிடம் கேட்காமல் எதையும் எடுக்காதே என்பது அதற்கும் முந்திய நடைமுறை. இளையவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது அதைத்தான் முதலில் சொல்வேன். இரண்டு வீடு நடந்து போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை.

அடியில் ஒரு முகம் இருந்தது. ஒட்டிய கன்னம், நீண்ட மூக்கு, நெற்றியைச் சுற்றி முத்துப் பட்டை.

காசை வாங்கிப்போக வந்த அம்மாள் பூதக்கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"யாருண்ணே இந்த ஆம்பள?"

தெரியலம்மா என்று சொல்லியிருக்கலாம். ஓரத்து எழுத்துகள் தேய்ந்திருந்ததால் அது முழுப்பொய்யாகவும் இருந்திருக்காது. நான் ரோமாபுரி ராஜா என்றேன். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்குக் குறையாது என்றேன். முத்துப் பட்டையைப் பற்றியும் ஒரு சிறு சொற்பொழிவு.

"மூக்கப் பாத்தா எங்க பழைய மேனேஜர் மாதிரியே இருக்காரு" என்று சிரித்தார். காசை வாங்கக் கை நீட்டவில்லை. "நீங்களே வெச்சுக்குங்கண்ணே. இவருக்கு எப்படி நான் எளநீ ஊத்துறது?"

சில வாரங்களில் அவருடைய மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண் சோபாவில் போர்த்திக்கொண்டு கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தாள். சாமி அலமாரியில் காசு இருந்த பித்தளைத் தட்டு துலக்கிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"டாக்டர்ட்ட காட்டுனீங்களாம்மா?"

"பீடோங் டவுன்ல கிளினிக்குக்குப் போயிட்டு வந்தாச்சு. சும்மா சளிக்காய்ச்சல்னுட்டாங்க."

"அப்பப் பயமில்லையே."

"பயமில்லண்ணே. போன தடவ யார்ட்ட சொல்றதுன்னு தெரிஞ்சுச்சு. இப்பத் தெரியல, அவ்ளோதான்."

"மா, சும்மா இரு லா" என்றாள் மகள். "அங்கிள், தே குடிக்கிறீங்களா?" என்று தேநீர் போட எழுந்தாள்.

டப்பாவைத் திறந்து நீட்டினேன். "ஆத்தா எங்கயும் போகலம்மா. இதுலதான் இருக்கா" என்றேன். என் வாயில் அது எனக்கே கூச்சமாக இருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். கோபமேயில்லாமல், எனக்குப் புரியவைக்கும் பொறுமையோடு சொன்னார்:

"அவருதாண்ணே இருக்காரு."

தேநீர் வந்தது. டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு குடித்தேன்.