நின்றபடி எண்ணிய ஒன்றேமுக்கால் மணி நேரம்

கசினோவில் பிளாக்ஜாக் சீட்டாட்ட மேசைக்குப் பின்னால் நின்று காட்ஸ் எண்ணிவிட்டுப் பிறகு உட்காரலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன செவ்வாய், வேலை லீவு நாளில், போய்வந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆறு மாதம் பழகினேன். இரண்டு முதல் ஆறு வரை விழுந்தால் ஒன்று கூட்டு. பத்து, படம், ஆஸ் விழுந்தால் ஒன்று கழி. கணக்கு ஏறினால் பெரிய காட்ஸ் மிச்சம் இருக்கிறது, அப்போதுதான் விளையாட வேண்டும். என் மனைவி வசந்திக்கு வெறுத்துவிட்டது. "ஒருக்காப் போய்ப் பாருங்கோ. சரிவரேல்லை எண்டால் உந்தக் காட்ஸைக் குப்பைக்குள்ள போட்டிடுவன்" என்றாள். ஆக, எனக்கு இருந்தது ஒரேயொரு பயணம்.

காலை 10.40க்கு அன்ரன் அண்ணையின் காரில் ஸ்காபரோவின் மல்வேர்னிலிருந்து புறப்பட்டோம். ஒஷாவாவில் நாங்கள் ஒரே வெயார்ஹவுஸில் வேலை. தினமும் என்னை ஏற்றிப்போகிறவர் அவர்தான். கசினோ கிழக்கே 22 கிலோமீற்றர், 25 நிமிடம். பார்க்கிங் இலவசம், கோப்பி 3 டொலர் 25 சதம், ஆகக் குறைந்த பந்தயம் 15 டொலர். என் பொக்கற்றில் 400.

எண்ணுகிறவரைக் கண்டால் கசினோவில் வெளியே அனுப்பிவிடுவார்கள், அதனால் யாரும் கவனிக்கக் கூடாதென்று ஒரு தடித்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். கையைப் பொக்கற்றுக்குள் விட்டு, செபமாலை சொல்வதுபோல விரற்கணுக்களில் எண்ணினேன். 11.15இலிருந்து ஒரு மணி வரை. கால் கடுத்தது. கணக்கு பதினாலுக்கு ஏறியது, மேசையில் ஒரு கதிரையும் காலியானது.

அடியெடுத்து வைக்கிறேன், கோப்பிக் கடைப் பக்கமிருந்து அன்ரன் அண்ணையின் சத்தம்: "டேய் றெஜி, எண்ணி முடிஞ்சுதோ? எத்தினையில நிக்குது?"

காட்ஸ் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயர் கஜனி, தமிழ்ப் பெயர். நான் அப்படியே திரும்பி வெளியே நடந்தேன்.

பார்க்கிங்கில் அண்ணையை வாய்க்கு வந்தபடி ஏசினேன். பதினைந்து வயது மூத்தவரை, "நீங்கள்" என்பதை விட்டு "நீர்" என்றேன். "வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதோ உமக்கு?"

"தமிழில தானேயடா கேட்டனான்" என்றார். தமிழர் நிறைந்த ஸ்காபரோவிலிருந்து அரைமணித் தூரத்தில் நின்றுகொண்டு என்ன கதை இது. அவருடைய காரில் ஏறமாட்டேன் என்றேன். அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டாக்சிக்கு நிற்கும்போது அந்தப் பிள்ளை இடைவேளைக்கு வெளியே வந்தாள். "அண்ணை, கோவிக்காதேங்கோ. அந்த மேசையில மெஷின்தான் கலக்கிறது. ஒவ்வொரு ஆட்டம் முடியவும் காட்ஸெல்லாம் திரும்ப அதுக்குள்ள போயிடும். எண்ணி ஒரு பிரயோசனமும் இல்லை."

மெஷின் முழுநேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. நான் ஒளிந்து நின்ற முதுகு அதை மறைத்துவிட்டது. மடையன், மடையன், நான்தான். அண்ணை கூப்பிட்டிராவிட்டால் 400 டொலரையும் அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன்.

போகிறவர்கள் முதலில் மேசையை ஒருமுறை சுற்றி நடந்து, ஆட்டம் முடிந்த காட்ஸ் எங்கே போகிறது என்று பாருங்கள். மெஷினுக்குள் போனால் கோப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். டாக்சி 46 டொலர்.

காட்ஸை வசந்தி குப்பையில் போட்டுவிட்டாள். ஒஷாவாவுக்கு இப்போது பஸ்ஸில் போகிறேன், ஒரு மணி ஐம்பது நிமிடம். மன்னிப்புக் கேட்க நாலு தரம் போனை எடுத்து நாலு தரமும் வைத்துவிட்டேன். காலை 6.20க்கு பஸ் மாறுகிற தரிப்பில் நிற்கும்போது அண்ணையின் கார் என்னைக் கடந்து போகிறது. முன்சீற்றில் இன்னும் யாரையும் ஏற்றவில்லை.